மிதியடி ஆர்க்கிட்: கொடிமலை முதல் பொதிகை வரை

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பொருளை மூன்றாகப் பகுத்துரைப்பது அகத்திணை மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவ்விரண்டின்கண் தோன்றி வாழும் மரம், பூ, புள், விலங்கு முதலியன கருப்பொருள். இலக்கியம் பயிற்றும் ஆசிரியர் எவரும் இதனைப் பலமுறை சொல்லிக் கொடுத்திருப்பர். மாணவரும் மனனம் செய்து தேர்வில் எழுதியிருப்பர். ஆனால், நிலத்தை முன்னும் பூவைப் பின்னுமாக வைத்த அந்த வரிசையிலே ஓர் இயற்கை உண்மை அடங்கியிருக்கிறது. நிலமும் பொழுதும் கெட்டால் பூவும் இல்லை என்பதே அது.

இவ்வுண்மையைக் கண்ணெதிரே காட்டவல்ல செடி ஒன்று நம் பினாங்கு மாநிலத்திலேயே உண்டு. அதுவே மிதியடி ஆர்க்கிட். வானம் தெளிந்த நாளில் தாசேக் கெலுகோர்ப் பக்கத்துத் திறந்த வெளியில் நின்று மேற்கே நோக்கினால், கடலுக்கு அப்பால் பினாங்குக் கொடிமலை தெரியும். வடக்கே நோக்கினால், கடாரத்து மலையாகிய குனோங் ஜெராய் தெரியும். இவ்விரு மலைகளின் நிழற்காடுகளும் மிதியடி ஆர்க்கிட்டின் வாழிடங்களே. தமிழர் போற்றும் பொதிகை மலையும் இக்குடும்பத்துச் செடி ஒன்றுக்குத் தாயகமாகும். இச்செடியின் இயல்பையும், அது வாழும் நிலத்தின் இயல்பையும், அதனை வீட்டிலோ பள்ளியிலோ வளர்க்கும் முறையையும் இங்குக் காண்போம்.

பெயரும் குடும்பமும்

பூக்கும் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று ஆர்க்கிட் குடும்பம். ஏறத்தாழ 28,000 இனங்கள் அதில் அடங்குவன. அவற்றுள் பூவின் ஓர் இதழ் பைபோலக் குழிந்து, முன்புறம் மூடிய மிதியடி போலத் தோன்றும் செடிகள் தனி உட்குடும்பமாக வகுக்கப்பட்டுள்ளன. அவ்வுட்குடும்பத்தில் ஐந்து பேரினங்கள் உள்ளன. வடபுலத்துக் குளிர்நாடுகளில் வாழ்வது சிப்ரிபீடியம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வாழ்வன பிராக்மிபீடியம், செலினிபீடியம், மெக்சிபீடியம் என்னும் மூன்று. இந்தியா முதல் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகள் வரை பரவி வாழ்வது பாபியோபெடிலம். நம் மலைகளில் காணப்படுவது இந்த ஐந்தாவது பேரினமே.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் ஐரோப்பிய மிதியடிப் பூவுக்குச் சிப்ரிபீடியம் என்று பெயர் சூட்டினார். சைப்ரசுத் தீவில் வழிபடப்பெற்ற காதல் தெய்வத்தின் பாதணி என்னும் கருத்தில் அமைந்த பெயர் அது. ஆசிய நாட்டுச் செடிகளும் நெடுங்காலம் அப்பெயரிலேயே வழங்கி வந்தன. 1886 இல் ஜெர்மானியத் தாவர அறிஞர் பிட்சர் இவற்றைத் தனியே பிரித்துப் பாபியோபெடிலம் என்றார். பாபோசு என்பது அத்தெய்வத்தின் கோயில் இருந்த ஊர். பெடிலோன் என்பது கிரேக்க மொழியில் மிதியடி. பெயர் மாறியும் பொருள் மாறவில்லை.

கொடிமலையில் வாழும் இனத்தின் பெயர் பாபியோபெடிலம் பார்பேட்டம். ஆங்கிலேய அறிஞர் லிண்ட்லி 1841 இல் இதனை முதன்முதலாக விவரித்தார். அவர் ஆராய்ந்த செடி சொகூர் மாநிலத்துக் குனோங் லேடாங் மலையிலிருந்து சென்றது. பார்பேட்டம் என்பதற்குத் தாடியுடையது என்று பொருள். இதன் பக்க இதழ்களின் மேல்விளிம்பில் கரிய மருக்கள் வரிசையாக அமைந்து, ஒவ்வொன்றிலும் மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பெயர்க்காரணம் அதுவே.

பூவின் அமைப்பும் பூச்சியின் வழியும்

செடி சிறியது. விசிறிபோல இருபுறமும் விரிந்த சில இலைகள். அவ்விலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த சதுரக் கோலம். இலைகளின் நடுவிலிருந்து ஒரு காம்பு எழும். அதன் நுனியில் பெரும்பாலும் ஒரே ஒரு பூ மலரும். மேற்புறம் நிமிர்ந்து நிற்பது ஒரு புல்லியிதழ். வெண்மை நிறத்தில் பச்சையும் ஊதாவுமான கோடுகள் அதில் ஓடும். மற்ற இரு புல்லியிதழ்களும் ஒன்றாக இணைந்து, பைக்குப் பின்னே மறைந்திருக்கும். அல்லியிதழ்கள் மூன்றனுள் இரண்டு இருபக்கமும் நீளும். மூன்றாவதே மிதியடியாகிய பை.

ஏனைய ஆர்க்கிட்டுகளில் மகரந்தம் தருவது பெரும்பாலும் ஒரே மகரந்தத்தாள். மிதியடி ஆர்க்கிட்டில் இரண்டு. மூன்றாவது ஒன்று மலடாகிக் கேடயம் போல விரிந்து, பையின் வாயிலுக்கு மேலே நிற்கும். இக்கேடயம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. பூச்சியை அழைக்கும் விளம்பரப் பலகையும் அதுவே.

பூச்சி வந்து பையின் விளிம்பில் அமர்கிறது. விளிம்பு வழுக்குகிறது, பூச்சி உள்ளே விழுகிறது. விளிம்பு உட்புறமாக மடிந்திருப்பதாலும் உட்சுவர் வழவழப்பாக இருப்பதாலும் வந்த வழியே ஏற இயலாது. பையின் பின்சுவரில் மட்டும் மயிர்கள் ஏணிப்படிபோல அமைந்துள்ளன. அவ்வழியே ஏறினால் முதலில் சூல்முடியின்கீழ் நெருங்கிச் செல்ல வேண்டும். அதன்பின் மகரந்தத்தாளை உரசிக்கொண்டு பக்கத்திலுள்ள சிறு துளை வழியாக வெளியேற வேண்டும். அப்போது பசைபோன்ற மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவில் விழுந்து ஏறும்போது, முதுகிலுள்ள மகரந்தம் முதலில் அப்பூவின் சூல்முடியில் படும். சூல்முடி முன்னும் மகரந்தம் பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கினால், ஒரு பூவின் மகரந்தம் அதே பூவில் சேர்வது தவிர்க்கப்படுகிறது.

இவ்வழியைக் கண்டறிந்த வரலாறும் ஆசிரியர்கள் அறியத்தக்கது. 1862 இல் ஆர்க்கிட்டுகளின் மகரந்தச் சேர்க்கை பற்றி நூல் எழுதிய சார்லசு டார்வின், பூச்சிகள் வெளியே இருந்தவாறே துளைகளின் வழியாக உறிஞ்சுகுழலை நுழைக்கின்றன என்று கருதினார். அமெரிக்க அறிஞர் ஆசா கிரே அதனை மறுத்து, சிறு பூச்சிகள் பைக்குள் இறங்கிப் பின்வழியே வெளியேறுகின்றன என்றார். டார்வின் சினங்கொள்ளவில்லை. ஒரு சிறு தேனீயைப் பிடித்துத் தாமே பூவின் பைக்குள் விட்டுப் பார்த்தார். அது கிரே சொன்ன வழியிலேயே, முதுகில் மகரந்தத்துடன் வெளிவந்தது. தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார் டார்வின்.

இவ்வளவு பாடுபடும் பூச்சிக்குக் கிடைக்கும் கூலி என்ன? பாபியோபெடிலப் பூக்களில் தேன் இல்லை. ஏமாற்றியே பூச்சியை அழைக்கின்றன. சபா மாநிலத்துக் கினபாலு மலைப்பகுதியில் வாழும் ரோத்சைல்டு மிதியடி ஆர்க்கிட்டை ஆராய்ந்த அட்வுட் என்பார், அதன் கேடயத்தில் ஒருவகை ஈக்கள் முட்டையிடுவதை 1985 இல் எடுத்துக் காட்டினார். அவ்வீயின் புழுக்கள் அசுவினிப் பூச்சிகளைத் தின்று வாழ்வன. கேடயத்திலுள்ள மயிர்களும் புள்ளிகளும் அசுவினிக் கூட்டம்போலத் தோன்றுவதால் ஈ ஏமாந்து, தன் குஞ்சுகளுக்கு உணவு இருப்பதாக எண்ணி முட்டையிட வருகிறது. வந்த இடத்தில் பைக்குள் விழுகிறது. ஆகவே அந்தச் செடி வாழ அந்த ஈ வேண்டும். ஈ வாழ அசுவினி வேண்டும். அசுவினி வாழ அதற்கேற்ற செடிகொடிகள் வேண்டும். ஒரு பூவின் பின்னே ஒரு காடே நிற்கிறது எனலாம்.

விதையும் பூஞ்சணமும்

மகரந்தம் சேர்ந்தபின் காய் முற்றி வெடிக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள். ஒவ்வொன்றும் தூசி போன்றது. நெல்லுக்கும் அவரைக்கும் விதைக்குள்ளேயே கட்டுச்சோறு உண்டு. முளைக்கும் நாற்று வேர்விட்டு இலைவிடும் வரை அதனை உண்டு வாழும். ஆர்க்கிட் விதைக்கு அக்கட்டுச்சோறு இல்லை. நிலத்திலுள்ள சிலவகைப் பூஞ்சணங்கள் விதைக்குள் புகுந்து உணவூட்டினால்தான் அது முளைக்கும். பிரெஞ்சு நாட்டு அறிஞர் நோயேல் பெர்னார் 1899 இல் இவ்வுறவைக் கண்டறிந்தார். 1922 இல் அமெரிக்க அறிஞர் லூயி நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கடற்பாசிக் கூழில் பூஞ்சணம் இன்றியே விதைகளை முளைக்கச் செய்யும் முறையை வெளியிட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் அம்முறையை 1928 முதல் கையாண்டு, ஆர்க்கிட் வளர்ப்பை இவ்வட்டாரத்தில் ஒரு தொழிலாகவே வளரச் செய்தார். இன்று நம் சந்தைகளில் மலிந்துள்ள கலப்பின ஆர்க்கிட்டுகளுக்கு அடிப்படை அம்முயற்சியே.

ஆயினும் மிதியடி ஆர்க்கிட் எளிதில் பெருகுவதன்று. டென்ட்ரோபியம் போன்றவற்றின் வளர்நுனியை வெட்டிக் குடுவையில் வைத்து ஆயிரமாயிரமாகப் பெருக்குகின்றனர். அம்முறை மிதியடி ஆர்க்கிட்டுக்கு வணிக அளவில் கைகொடுக்கவில்லை. விதையிட்டு வளர்ப்பதும் தூரைப் பிரித்து நடுவதுமே வழி. விதையிலிருந்து பூக்கும் பருவத்தை எட்டச் சில ஆண்டுகள் செல்லும். காத்திருக்க மனமில்லாதவர் காட்டிலிருந்து பிடுங்கிவர முற்படுவதற்கு இதுவே காரணம்.

கொடிமலையின் நிழல்

இனி, நிலத்தைக் காண்போம். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. கொடிமலைத் தொடரின் உச்சி 833 மீட்டர். நிலமட்டத்திலிருந்து 100 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். எனவே செபராங் பிறைச் சமவெளியில் நண்பகல் 32 பாகை இருக்கும்போது, மலைமுகட்டில் 27 பாகை அளவே இருக்கும். மரநிழலில் அது இன்னும் குறையும்.

பாபியோபெடிலம் பார்பேட்டம் மண்ணில் ஆழ வேரூன்றும் செடியன்று. மரத்தின் கிளைகளில் தொற்றி வாழ்வதும் அரிது. பாசி படர்ந்த பாறைகளின்மேல் உதிர்ந்து மட்கிய இலைச்சருகே அதற்கு மெத்தை. மயிரடர்ந்த வேர்கள் அம்மெத்தைக்குள் படர்கின்றன. மழை பெய்தால் மெத்தை நனையும். மிகுந்த நீர் பாறைச் சரிவில் வழிந்தோடிவிடும். நீர் தேங்குவதில்லை, வேர் உலர்வதும் இல்லை. மேலே மரக்கவிகை வெயிலை வடிகட்டிச் சிறு சிறு ஒளிப்பொட்டுகளாகவே கீழே விடுகிறது. இடையே காற்று மெல்ல உலவுகிறது.

ஆர்க்கிட்டுகள் பலவற்றுக்குத் தண்டில் நீரைச் சேமித்து வைக்கும் பருத்த குமிழ் உண்டு. மிதியடி ஆர்க்கிட்டுக்கு அது இல்லை. சேமிப்பு இல்லாத குடும்பம் நாட்கூலியை நம்பி வாழ்வதுபோல, இது அன்றாட ஈரத்தை நம்பி வாழ்கிறது. மேலே நிற்கும் மரத்தை வெட்டினால் போதும். செடியைத் தொடவே வேண்டா. வெயில் விழுந்து, பாசி காய்ந்து, செடி தானே மடியும்.

பினாங்குத் தாவரங்களை முறையாகப் பதிவு செய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சார்லசு கர்ட்டிசு. 1884 இல் நிறுவப்பட்ட பினாங்குத் தாவரவியல் பூங்காவின் முதற் பொறுப்பாளர் அவர். தீவில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களுக்கும் பெரணிகளுக்கும் 1894 இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அவரே இங்கு வருமுன் இங்கிலாந்தின் வீச் என்னும் நாற்றுப்பண்ணைக்காகத் தூரகிழக்கில் செடிகள் சேகரித்தவர். சுமத்திராவில் அவர் கண்ட மிதியடி ஆர்க்கிட் ஒன்றுக்கு அவர் பெயரே இடப்பட்டது.

அந்த வீச் பண்ணையில்தான் உலகின் முதற் கலப்பின மிதியடி ஆர்க்கிட் 1869 இல் பூத்தது. அதனை உருவாக்கியவர் ஜான் டாமினி என்னும் தோட்டக்காரர். தாய் தந்தையருள் ஒன்று வில்லோசம் என்னும் இனம். மற்றொன்று நம் பார்பேட்டம். இன்று உலகெங்கும் பூக்கடைகளில் காணும் கலப்பின மிதியடிப் பூக்களின் வரலாறு, மலாயாத் தீபகற்பத்து மலைச்செடி ஒன்றோடு தொடங்குகிறது என்பதை நம் மாணவர் அறிந்தால் பெருமிதம் கொள்வர்.

லங்காவியின் வெண்பூ

ஒரே பேரினம், ஆனால் வேறொரு நிலம். அதற்குச் சான்று லங்காவித் தீவுகளிலும் தென்தாய்லாந்திலும் வாழும் பாபியோபெடிலம் நிவியம். நிவியம் என்றால் பனிபோன்ற வெண்மையுடையது. பால்வெள்ளைப் பூவில் பொடிப்பொடியாக ஊதாப் புள்ளிகள் இருக்கும். இது வாழ்வது சுண்ணாம்புக்கல் பாறைகளில். அதுவும் கடலை ஒட்டிய செங்குத்தான பாறைகளின் வெடிப்புகளில். அவ்வெடிப்புகளில் தங்கிய மட்கே அதற்கு உணவு.

கருங்கல் மலையின் சருகு மெத்தை சற்றே புளிப்புத் தன்மை உடையது. சுண்ணாம்புக்கல் அதற்கு மாறான காரத்தன்மை உடையது. அதன்றியும், தீபகற்பத்தின் வடமேற்குக் கரையில் ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்த சில வாரங்கள் உண்டு. கடற்பாறையில் வாழும் நிவியம் அவ்வறட்சியைத் தடித்த இலைகளோடு தாங்கிப் பழகியது. இதுவே நிலமும் பொழுதும் சேர்ந்து ஒரு செடியை உருவாக்கும் முறை. கொடிமலைச் செடிக்குச் சுண்ணாம்பு இட்டாலும், லங்காவிச் செடியை எந்நேரமும் ஈரச் சருகில் புதைத்து வைத்தாலும், இரண்டும் வருந்தும். செடி பிடிவாதக்காரனன்று, தன் ஊரை மறவாதது, அவ்வளவே.

தொட்டியில் ஒரு மலை

ஆகவே மிதியடி ஆர்க்கிட் வளர்ப்பது என்பது ஒரு செடியை வளர்ப்பதன்று. அதன் நிலத்தைத் தொட்டிக்குள் அமைப்பதாகும். எங்கள் தோட்டப் பள்ளியின் நிழற்பந்தலில், பண்ணையில் விதையிட்டு வளர்த்த சில செடிகளை வைத்திருக்கிறோம். சமவெளி வெப்பத்தில் கையாளத்தக்க முறைகள் வருமாறு:

செடி தேர்தல்: சமவெளியில் உள்ளோர் குளிர்மலை இனங்களை நாடக் கூடாது. பார்பேட்டம், கேலோசம், நிவியம் ஆகியவற்றிலிருந்து தோன்றிய கலப்பினங்கள் நம் வெப்பத்தைத் தாங்குவன. இலையில் கோலமுள்ளவை பெரும்பாலும் வெப்பம் தாங்கும். ஒரே பச்சையாய் நீண்ட இலையுள்ளவற்றுள் பல குளிரை விரும்பும்.

நிழல்: நேர்வெயில் கூடாது. எழுபது அல்லது எண்பது விழுக்காடு நிழல் தரும் வலையின்கீழ் வைக்கலாம். இலை வெளிறி மஞ்சளானால் ஒளி மிகுதி. கருகருவென வளர்ந்தும் பூக்கவில்லையானால் ஒளி குறைவு.

தொட்டிக் கலவை: வெறும் மண் ஆகாது. கரித்துண்டு, செங்கல் துண்டு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு, சிறு கருங்கற் சல்லி ஆகியவற்றைக் கலந்து இடலாம். தொட்டியின் அடியில் துளைகள் மிகுதியாக வேண்டும். நிவியத்துக்கு மட்டும் நன்கு கழுவி உடைத்த சிப்பி ஓட்டையோ சுண்ணாம்புக்கல் சல்லியையோ ஒரு கைப்பிடி சேர்க்கலாம். பினாங்கில் கெராங் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. உப்புப் போகப் பலமுறை கழுவுவது முக்கியம்.

நீர்: காலையில் ஊற்றுக. மழைநீர் மிக நன்று. கலவை ஈரமாக இருத்தல் வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்திருத்தல் கூடாது. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தங்கி இரவு முழுதும் நின்றால் குருத்து அழுகும். இவ்வொரு காரணத்தால் மடியும் செடிகள் பல. தங்கிய நீரைத் துணிநுனியால் ஒற்றி எடுத்துவிட்டால் போதும்.

காற்று: ஈரக்காற்று வேண்டும், ஆனால் அது தேங்கி நிற்கக் கூடாது. தொட்டியைத் தரையில் வைக்காது, கம்பித் தட்டின்மேல் வைத்தால் அடியிலும் காற்று உலவும். தரையில் நீர் தெளித்து வைப்பது நண்பகல் வெப்பத்தைத் தணிக்கும்.

உரம்: மலைப்பாறையில் எவரும் உரம் இடுவதில்லை. குறித்த அளவில் கால் பங்கு கரைத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். மாதம் ஒருமுறை வெறும் நீரால் கலவையை நன்கு அலசிவிட வேண்டும். இல்லையேல் உரத்தின் உப்புப் படிந்து வேரைச் சுடும்.

தொட்டி மாற்றுதல்: மட்டை மட்கிக் கூழாகும் முன்பே, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்றுக.

பூத்த கிளை மீண்டும் பூக்காது. இதைக் கண்டு செடி பட்டுவிட்டதென்று எண்ணி எறிந்துவிடுவோர் உண்டு. வாழை குலைதள்ளியபின் பக்கக்கன்று தலையெடுப்பதைப் பார்த்தவர்கள் நாம். மிதியடி ஆர்க்கிட்டும் அவ்வாறே. பூத்த கிளையின் அடியிலிருந்து புதுக்கிளை தோன்றி, அதுவே அடுத்துப் பூக்கும். வாழையடி வாழையாக இது தொடரும். தூரைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று கிளைகளாவது இருக்கட்டும். ஒற்றைக் கிளையாகப் பிரித்தால் நெடுநாள் தேங்கிவிடும்.

பொதிகையில் நேர்ந்தது

தமிழ் முனிவர் அகத்தியர் வாழ்ந்ததாக மரபு கூறும் பொதிகை மலை, தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பக்கமும் கேரளத்தின் திருவனந்தபுரப் பக்கமும் சேரும் எல்லையில் உள்ளது. இன்று அகத்தியமலை என்பர். தென்னிந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பாபியோபெடிலம் அம்மலைப் பகுதியில் மட்டுமே உண்டு. அதன் நெருங்கிய உறவினங்கள் இமயமலையின் கீழ்ப்பகுதியிலும் அசாம், மேகாலயா முதலிய வடகிழக்கு மாநிலங்களிலும், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் வாழ்கின்றன. இடைப்பட்ட நிலத்தில் ஒன்றுகூட இல்லை. சுற்றத்தாரை விட்டுத் தனித்து நிற்கும் செடி அது.

1865 இல் கர்னல் ஹீபர் டுரூரி என்பவர் திருவிதாங்கூர் மலைகளில் அதனைக் கண்டார். 1874 இல் பெடோம் அதற்கு அவர் பெயரையே சூட்டினார். பாபியோபெடிலம் டுரூரி என இன்று வழங்கும் அப்பூ மஞ்சள் நிறமானது. மேல்புல்லியிலும் பக்க இதழ்களிலும் நடுவே ஒரு கரும்பழுப்புக் கோடு, மையால் இழுத்தாற்போல ஓடும். ஏறத்தாழ 1,400 முதல் 1,550 மீட்டர் உயரத்தில், பார்பேட்டம்போல அடர்நிழலை நாடாது, புல் படர்ந்த திறந்த சரிவுகளிலும் வளரும் இயல்பினது.

அதன் அருமையே அதற்குப் பகையாயிற்று. ஐரோப்பியச் சேகரிப்போர் அள்ளிச் சென்றனர். பின்னர் நெடுங்காலம் அது காட்டில் காணப்படவில்லை. அழிந்தே போயிற்று என எண்ணப்பட்ட அச்செடி, 1972 இல் மீண்டும் அம்மலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. மகிழ்ச்சிச் செய்தி பரவியது. அதனுடன் செடி இருக்கும் இடமும் பரவியது. மறுபடியும் பறிப்போர் மலையேறினர். புல்வெளிகளில் பற்றும் தீயும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை தப்பிய செடி இரண்டாம் முறையும் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனங்களுள் வைத்துள்ளது. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆய்வகத்தில் நாற்றுகளைப் பெருக்கி, மலையில் திரும்ப நடும் முயற்சியை மேற்கொண்டனர்.

பறிப்பது ஒரு கணம். திரும்ப நடுவது ஒரு தலைமுறைப் பணி. நாற்றை மலையில் ஊன்றினால் மட்டும் போதாது. அதன் பூஞ்சணம் அங்கே இருத்தல் வேண்டும். மகரந்தம் சுமக்கும் பூச்சி இருத்தல் வேண்டும். அப்பூச்சிக்கு உணவு இருத்தல் வேண்டும். செடியைப் பிடுங்கியவன் ஒன்றைத்தான் பிடுங்கினான். மீட்க முயல்பவனோ அனைத்தையும் மீட்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

சட்டங்கள் உள்ளன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை, பாபியோபெடிலம் அனைத்தையும் மிகக் கடுமையான முதற் பட்டியலில் சேர்க்க 1989 இல் முடிவு செய்தது. காட்டில் பறித்த செடியை நாடுவிட்டு நாடு வணிகம் செய்தல் அதனால் தடையாயிற்று. மலேசியா 2008 இல் தனிச் சட்டமே இயற்றியது. இந்தியா 1991 இல் தன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி மிதியடி ஆர்க்கிட்டுகளைக் காப்புப் பட்டியலில் சேர்த்தது. கொடிமலையும் அதைச் சூழ்ந்த காடுகளும் 2021 இல் யுனெசுக்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டன.

எனினும் சட்டம் ஒவ்வொரு பாறைக்கும் காவல் நிற்க இயலாது. கொடிமலையின் அடிவாரத்தில் ஒரு மாநகரமே இருக்கிறது. மலைமேல் இரயில் ஏறுகிறது. நாள்தோறும் மக்கள் வருகின்றனர். பொதிகைக்காவது ஏறுவதற்கு அரிய வழி என்னும் அரண் ஒன்று இருந்தது. நம் மலைக்கு அவ்வரணும் இல்லை.

வாங்குவோர் இல்லையேல் பறிப்போரும் இல்லை. ஆகவே வாங்கும்போது நோக்குக. இலைகள் கீறலும் கிழிசலுமாய், பாசியும் பூச்சி அரித்த வடுவும் ஏறி, வேர்கள் ஒடிந்து, தொட்டியில் நிலைகொள்ளாமல் ஆடும் செடி காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். பண்ணையில் வளர்ந்த செடிகளோ ஒரே அளவாய், இலை சிதையாது, வேர் தொட்டி நிறைந்து, பெயர்ச்சீட்டுடன் இருக்கும். ஐயம் தோன்றினால் வாங்காமல் விடுவதே நன்று. மாணவர் எவரேனும் மலையேறித் திரும்புகையில் ஒரு செடியைப் பிடுங்கி ஆசிரியருக்கு அன்பளிப்பாகக் கொண்டுவரின், அன்போடு மறுத்துக் காரணத்தை விளக்குக. அடுத்தமுறை அவன் படம் எடுத்து வரட்டும். இடத்தின் பெயரை மட்டும் ஊரறியச் சொல்லாதிருக்கட்டும். பொதிகையின் செய்தி பரவியதால் விளைந்த கேட்டை நாம் கண்டோம்.

பள்ளிகளில் விதைவழி வளர்த்த செடி ஒன்றிரண்டு வைத்தாலே, பல பாடங்களை அது கற்பிக்கும். அறிவியலாசிரியர் அதில் மகரந்தச் சேர்க்கையையும் பூஞ்சண உறவையும் காட்டலாம். நிலவியல் கற்பிப்போர் கருங்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் ஒப்பிடலாம். தமிழாசிரியர், குறிஞ்சி நிலத்துக் கருப்பொருள் இதுவெனக் காட்டி, அதற்கு முதற்பொருள் எவ்வெவை என்று மாணவரையே கேட்கலாம். பாறை, பாசி, சருகு, நிழல், மழை, ஈ, பூஞ்சணம் என அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவர். அப்பட்டியல் நீளுந்தோறும், இந்தப் பூவைக் காட்டிலிருந்து ஏன் பிடுங்கக் கூடாது என்னும் வினாவுக்கு விடையும் அவர்கள் வாயாலேயே வந்துவிடும். நாம் சொல்லி அவர்கள் கேட்பதினும், அவர்களே கண்டு சொல்லும் அறிவு நிலைக்கும். அதற்கான முயற்சியில் ஆசிரியப் பெருமக்கள் ஈடுபடுவார்களாக.